கண்ணை மட்டும் விட்டுவிட்டு

பள்ளிக்கூடம் பார்க்கப் போன இடத்தில் ஹெட்மாஸ்டரை அடித்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். அடித்தது உண்மைதான். ஆனால் முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் என்பது கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பொம்பளைக்குக் கூடத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மாமனார் முகத்துக்கு நேராகவே சொல்வார். சொல்லட்டும். புத்தியுள்ள மாமனாரும் ஒன்றும் மாடமாளிகை கட்டிவிடவில்லை.

என் பெயர் ஆறுச்சாமி. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை பேக்டரியில் பதினேழு வருஷம் இலை எடை போட்டேன். சிறு தோட்டக்காரர்கள் பச்சை இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். நான் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழித்து, மீதியைச் சீட்டில் எழுதுவேன். அதற்குப் பெயர் கழிவு. இலை கிலோ பதினாறு ரூபாய் விற்றவரை கழிவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாயிரமாவது வருஷம் விலை நாலரைக்கு வந்தது. பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள், செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி, பத்துக்கு ஒன்றாக இருந்த கழிவைப் பத்துக்கு இரண்டாக்கச் சொன்னார். ஆக்கினேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்புதான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, என்ன செய்ய.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். முதலாளி பின்கேட் வழியாக ஜீப்பில் போய்விட்டார். கண்ணாடியெல்லாம் உடைத்து முடித்தபிறகு என்னைப் பிடித்தார்கள். சாக்குக் கயிற்றால் இரண்டு கையையும் கட்டி, தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். ஒருவன் முள்ளைப் பார்த்து அறுபத்திரண்டு என்று கத்தினான். இன்னொருவன் கேட்டான், பத்துக்கு ரெண்டு கழிவு போட்டா எவ்வளவுடா? பன்னிரண்டு என்று கூட்டமே சொன்னது. கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைச் செடிக் கட்டை தெரியுமா? இரும்பு தோற்றுவிடும். அதை எடுத்துப் பன்னிரண்டு அடி. ஒவ்வொன்றையும் கூட்டம் எண்ணியது. எட்டாவதில் விலா எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பன்னிரண்டு ஆனதும் இறக்கிவிட்டு, போகிற போக்கில் ஒருவன் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனான்.

என் மகன் கதிர் அதையெல்லாம் பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். சோற்றுத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு, உடைந்த கண்ணாடிக்கு நடுவில் அசையாமல் நின்றான். பன்னிரண்டு வயது.

அதிலிருந்து யாராவது எண்ணினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பஸ்ஸில் கண்டக்டர் தலையை எண்ணினால் கூட எரியும். ஒரு மாதம் கழித்துக் கதிரின் வகுப்பில் ஒரு பையன், உங்கப்பன் எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறான். இவன் காம்பஸை எடுத்து அவன் கன்னத்தில் இறக்கிவிட்டான். நாலு தையல். பரீட்சை எழுதிவிட்டுப் போகட்டும், அடுத்த வருஷம் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நான் அவனை அடித்தேன். அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறேன். யார்தான் அடிக்கவில்லை? முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும். என் அப்பன் என்னை அடிக்காத அடியா? இடுப்பு வாரைக் கழற்றினால் அது எங்கே படும் என்று பார்த்துக்கொண்டா அடிக்க முடியும். பங்குனியில் மாரியம்மன் தேர் அன்றைக்கு அவன் கண்ணுக்குள் கொஞ்சம் ரத்தம் கட்டிவிட்டது. அதுவும் ஒரு வாரத்தில் வடிய ஆரம்பித்தது. அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்க ஆரம்பித்தான். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்டரியை மூடியாயிற்று. என் மச்சான் கீர்த்திவாசன் வெலிங்டன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுதவும் சரக்கு பார்க்கவும் ஆள் வேண்டும், ஜூன் மாதம் வந்துவிடுங்கள், கடைக்கு மேலேயே வீடு காலியாகிறது என்று சொல்லியனுப்பினார். மனைவியின் அண்ணன் கையால் சம்பளம் வாங்குவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ராஜப்ரியாவுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

"ஊடு எப்படி வேணா இருக்கட்டுமுங்க. மொதல்ல பள்ளிக்கூடம் பாக்கோணும். இவன் மேல ஒருத்தரும் கை வைக்காத பள்ளிக்கூடம். இனி ஒரு அடி பட்டாலும் இவன் நமக்கு இல்லீங்க."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் அது எனக்குள் போய்த் தங்கிவிட்டது. என் பிள்ளை மேல் வெளியாள் ஒருவனும் கை வைக்கக் கூடாது என்று நானும் முடிவு செய்தேன். சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, கதிரையும் எட்டு வயது சுவாதியையும் கூட்டிக்கொண்டு நாலு பேரும் காலை பஸ்ஸில் குன்னூர் போய் இறங்கினோம்.

முதலில் போனது மச்சான் சொன்ன பள்ளிக்கூடம். குன்னூரிலிருந்து இறங்கும் சரிவில் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், பக்கத்தில் பையன்களுக்கு ஹாஸ்டல். பத்தாவதில் ஒருத்தனும் பெயிலாவதில்லையாம். ஹெட்மாஸ்டர் பொன்ராஜ் ஒல்லியான மனிதர், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வராந்தாவில் ஒரு கறுப்புப் பலகை. அதில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது: தாமதமாக வந்தால் இரண்டு. வீட்டுப்பாடம் இல்லையென்றால் மூன்று. சண்டை போட்டால் ஆறு. ஆறுக்கு மேல் எதுவும் இல்லை. கதிர் அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டு நகரவே இல்லை. நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோனேன்.

உள்ளே ஒரு பையனுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. பொன்ராஜ் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பாதியில் விட்டதைத் தொடர்ந்தார். பையன் கையை நீட்டிக்கொண்டு தானே எண்ண வேண்டும். மூணு என்றான். நாலு என்றான். பிரம்பு பட்ட இடம் ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. அஞ்சு என்னும்போது அழுகையில் வார்த்தையே வரவில்லை. ஆறு. பொன்ராஜ் பிரம்பை ஆணியில் மாட்டினார். போய்க் கையைத் தண்ணியில வை, அப்புறம் கணக்கு வகுப்புக்குப் போ என்றார். கதிர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எதையும் பார்க்கவில்லை. எண்ணுகிற சத்தம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஆணியிலிருந்த பிரம்பை எடுத்தேன். பொன்ராஜ் ஏனுங்க என்று திரும்புவதற்குள் அவர் தோளில் ஒன்று வைத்தேன். கையைத் தூக்கித் தடுத்தார், அந்தக் கையில் வைத்தேன். பிரம்பு முறிந்தது. பிறகு முஷ்டியால். நாற்காலியோடு அவர் பீரோ மேல் போய் விழுந்து, உதடு கிழிந்து, அந்த வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். எண்ணுய்யா, இப்ப நீ எண்ணு என்று நான் கத்தியதாக ராஜப்ரியா பிற்பாடு சொன்னாள். இரண்டு வாத்தியார்கள் ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். ஒருவருக்கு என் முழங்கை மூக்கில் பட்டது.

போலீஸுக்குச் சொல்லலாம் சார் என்று அந்த மூக்குக்காரர் சொன்னார். பொன்ராஜ் கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டு கதிரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளைக முன்னாடி வேண்டாம், நீங்க போங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பதிலுக்கு அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும், எப்போதும் நாலடி பின்னால் வருகிற ராஜப்ரியா என் பக்கத்தில் நடந்தாள். நான் அடித்தது தப்பு என்று அவள் சொல்லவில்லை. இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னாள். பிள்ளைக்காக நின்ற தகப்பன் என்று அவள் நினைத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. வெகுநாள் கழித்து வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தேன். கதிர் தன் பன்னைச் சுவாதியிடம் கொடுத்துவிட்டான்.

இரண்டாவது பள்ளிக்கூடம் வெலிங்டன் போகிற ரோட்டில் ஒரு பழைய பங்களா. அதை நடத்துகிறவர் லோயிஸ் டீச்சர்; ஐம்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பைச் சொருகியிருந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் ஓடி ஒளியாமல் பக்கத்தில் வந்தார்கள். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது. இங்கே அடிப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்பாமல் இன்னொரு தரம் கேட்டேன். பதினாலு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் பிரம்பே வந்ததில்லை என்றார். ராஜப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காம்பஸ் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். அதற்கும் டீச்சர் முகத்தைச் சுளிக்கவில்லை. இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது, ஜூன் இரண்டாம் வாரம் வகுப்பு, தினமும் வீட்டிலிருந்து வந்து போகலாம் என்று சொல்லி விண்ணப்பத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

வேலை முடிந்தது. எழுந்து கும்பிட்டேன். அப்போது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பசங்களை உங்க கையில ஒப்படைச்சாச்சுங்க டீச்சர். கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியெல்லாம் தோலை உரிச்சிருங்க."

இதை விளக்க வேண்டியதில்லை. வாத்தியார் முன்னால் நிற்கிற எந்தத் தகப்பனும் சொல்கிற வார்த்தை இது. என் அப்பன் சொன்னார், அவர் அப்பன் சொல்லியிருப்பார், நானே கோத்தகிரியில் மூன்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். வந்தவரை வாங்க என்று கேட்பது மாதிரி ஒரு மரியாதை. யாரும் உரிக்கச் சொல்வதில்லை, யாரும் உரிப்பதுமில்லை. அடிக்காத பள்ளிக்கூடம் தேடிக் காலையில் ஒரு ஆளை ரத்தக்களரி ஆக்கிவிட்டு வந்தவன்தான் நான். அது வாய்க்குத் தெரியவில்லை.

லோயிஸ் டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, விளையாட்டாகத்தான், சுவாதியைப் பக்கத்தில் இழுத்துக் கேட்டார்: அப்பா வீட்டில் அடித்தால் கண்ணை விட்டுவிடுவாரா?

சுவாதி டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை. நேராக நின்று சொன்னாள்.

"இல்லீங்க மிஸ். தேர் அன்னைக்கு அண்ணனுக்குக் கண்ணுலதானுங்க பட்டுது. வார்ல இருக்கற இரும்பு. அம்மா துணியை நனைச்சு நனைச்சு வெச்சாங்க. நான் பிராக்குல ரத்தத்தைத் தொடச்சனுங்க."

டீச்சர் சிரிப்பு நின்றது. கதிரைக் கூப்பிட்டார். அவன் போகவில்லை, அவரே வந்து மோவாயைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பினார். வெள்ளைவிழியின் ஓரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராஜப்ரியா மட்டும் பார்க்கவில்லை, அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் தொங்கியபோது கூட எனக்கு அவ்வளவு அவமானம் இல்லை.

சுவாதியை அடித்தேன். அதுவரை அவளை ஒரு நாளும் தொட்டதில்லை. பெண் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்வேன். விட்ட அறையில் சுழன்று போய் மேஜை விளிம்பில் வாய் இடித்து விழுந்தாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்து விண்ணப்பத் தாளின் மேல் கிடந்தது. அவள் உடனே அழவில்லை, என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி தூக்கிய என் கையை லோயிஸ் டீச்சர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதறினேன், அவர் அலமாரியில் போய் மோதினார். ஆனாலும் திரும்ப வந்து எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றார். ராஜப்ரியா பிள்ளையை மடியில் அள்ளியெடுத்தாள். கதிர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான்.

டீச்சர் மூச்சு வாங்க, பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்கிறேன், அதில் மாற்றமில்லை என்றார். விண்ணப்பத் தாளை என்னிடம் கொடுக்கவில்லை. ரத்தம் பட்ட தாளை எடுத்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்து ராஜப்ரியா கையில் கொடுத்தார்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுவாதி டீச்சரின் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவின் இடுப்பைப் பிடித்தபடி வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறு எதையாவது கேட்பான். எந்தப் பள்ளிக்கூடம்னு கதிரையே கேப்போம், படிக்கப் போறவன் அவன்தானே என்றேன். எந்த மடையனும் இரண்டாவதைத்தான் சொல்வான், சொன்னதும் சரி என்று தலையாட்டிவிடலாம், அதோடு இந்த நாள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கதிர் சொன்னான்: "மொதல்ல பாத்த பள்ளிக்கூடமுங்கப்பா."

"அங்க அடிப்பாங்கடா. நீதான் பாத்தியே."

"ஆறுதானுங்கப்பா. போர்டுலயே எழுதியிருக்குது. ஆறு முடிஞ்சா பிரம்பை மாட்டிருவாங்க. அங்கயே ஹாஸ்டலும் இருக்குது. ஊட்டுல எப்ப முடியும்னு தெரியறதில்லீங்க."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தையில் எந்தக் கடையில் உருளைக்கிழங்கு மலிவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். கேட்டதற்குப் பதில்.

நான் யோசித்துப் பார்த்தேன். தேர் அன்றைக்கு எத்தனை அடி அடித்தேன்? எதற்கு நிறுத்தினேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதற்கு முந்தினதும் வரவில்லை. ஒரு தரம் மின்சாரம் போனதால் நிறுத்தியிருக்கிறேன், அது நினைவிருக்கிறது. ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பையன் அழுததற்காக நிறுத்தியதாக ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வயதுக்குள் அவன் கற்றுக்கொண்ட கணக்கு அது.

ராஜப்ரியா எழுந்து நின்றாள். வெலிங்டன் பஸ் வந்து நின்றிருந்தது.

"ஹாஸ்டலுக்குப் போக வேண்டியவன் அவனில்லீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நாங்க இப்பவே அண்ணன் ஊட்டுக்குப் போறோம். பசங்க அந்த டீச்சர் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும். கடைக் கணக்கை நான் எழுதிக்கறேன். சாமானை லாரியில ஏத்தி அனுப்புங்க. நீங்க வர வேண்டாமுங்க."

அவள் முழங்கையைப் பிடித்தேன். பலமாகத்தான் பிடித்தேன். தாலி கட்டினவனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போவாயா என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திப் பார்த்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை, நான்தான் விட்டேன். அவள் கையில் என் விரல் நாலும் பதிந்திருந்தது. சுவாதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்குவது கஷ்டம். பின்னால் கதிர் ஏறினான்.

சன்னல் ஓரத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகரும்போது அவன் என்னைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, கையை வெளியே நீட்டி ஆட்டினான். டாட்டா காட்டினான். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. நான் கையைத் தூக்கினால் அவன் என்னவென்று நினைப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.